மழைத்தோட்டம் நன்றாகத்தான் வேலை செய்தது, புதர் என்று வெட்டிவிட்டார்கள். கலையை எந்தக் கட்டத்தில் உள்ளே கொண்டுவருவது?

நாணல்கரை:

வணக்கம். நான் நிலவடிவமைப்பு வேலை பார்க்கிறேன், ஒன்பது வருஷமாக. குடியிருப்பு வளாகங்கள், பள்ளி மைதானங்கள், சாலையோரத்து மண்பட்டைகள் இவைதான் பெரும்பாலும் என் கைக்கு வரும். மண்ணும் நீரும் தெரிந்தவர்கள், செடி தெரிந்தவர்கள், சிற்பம் ஓவியம் செய்கிறவர்கள் எல்லோரும் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வளாகத்தில் மழைத்தோட்டம் அமைத்தோம். வண்டி நிறுத்துமிடமும் ஒரு பக்கத்துக் கூரையும் சேர்த்து சுமார் 600 சதுர மீட்டர். அதில் விழும் மழையெல்லாம் அதுவரை நேராகக் குழாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. அதைத் திருப்பி 50 சதுர மீட்டர் பள்ளம் ஒன்றில் இறக்கினோம். ஆழம் 20 செ.மீ. தான். அடியில் மணலும் மட்கிய உரமும் கலந்த மண். மேலே கோரை வகைகள், நாணல், காய்ச்சலையும் பாய்ச்சலையும் ஒருசேரத் தாங்கும் பூச்செடிகள்.

முதல் பெரிய மழை அன்று குடையோடு போய் நின்றேன். தார்த்தளத்திலிருந்து முதலில் வந்த நீர் பழுப்பு நிறம், மேலே எண்ணெய்ப் படலம் மினுங்கியது. நீர் நுழையும் இடத்தில் போட்டிருந்த கற்களுக்கு நடுவே வந்ததும் வேகம் செத்துப்போனது. நுரை ஒரு பக்கம் ஒதுங்கியது. கோரைத் தண்டுகளுக்கு இடையே நீர் மெதுவாக ஏறி, ஒவ்வொரு தண்டைச் சுற்றியும் சின்ன வளையம் போட்டது. குழாயில் ஒரு சொட்டுகூடப் போகவில்லை. அந்த அரை மணி நேரத்தை நான் மறக்க மாட்டேன். ஒரு வருஷத்தில் தும்பிகள் வந்தன, தவளைச் சத்தம் கேட்டது.

போன மாதம் பராமரிப்புக்கு வந்தவர்கள் புல்வெட்டும் இயந்திரத்தால் எல்லாவற்றையும் கணுக்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டார்கள். வெட்டிய தழையை அள்ளவும் இல்லை. அடுத்த மழையில் அது மிதந்து போய், மிகுந்த நீர் வெளியேறும் மறுகால் வாயை அடைத்துக்கொண்டது, நீர் திரும்பி வண்டிகள் நிற்கும் இடத்துக்கு ஏறியது. பழி தோட்டத்துக்கு வந்தது. வெட்டச் சொன்னவர்களிடம் பேசிப் பார்த்தேன். அவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. "யாரும் கவனிக்காமல் காடாகக் கிடந்தது, அதனால் சுத்தம் செய்யச் சொன்னோம்" என்றார்கள். அதைக் கேட்டபோதுதான் எனக்கு வலித்தது. ஒவ்வொரு செடியையும் இடம் பார்த்து நட்டிருக்கிறேன். அது கவனிப்பாரற்ற இடமாக அவர்கள் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போது மறுபடி நடச் சம்மதித்துவிட்டார்கள். கூடவே ஒரு யோசனையும் சொல்கிறார்கள்: பின்னால் உள்ள சுவரில் பறவை, பூ எல்லாம் வரைந்துவிட்டால் அழகாகிவிடும், மக்களும் ஏற்றுக்கொள்வார்கள் என்று. சுவரோவியத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வேலையெல்லாம் முடிந்த பிறகு மேலே பூசுகிற ஒன்றாகத்தான் கலை வர வேண்டுமா? நீர் எங்கே நுழையும், எங்கே நிற்கும், எந்தச் செடி எங்கே என்று முடிவு செய்கிற மேசையிலேயே ஓர் ஓவியரையோ சிற்பியையோ உட்கார வைத்தவர்கள் இங்கே உண்டா? நடைமுறையில் அது எப்படிப் போனது?

---

வண்டல்:

மழைநீர் வடிகால் பொறியாளன் நான். முதலில் என் பக்கத்துக் கேள்வி: மழை நின்ற பிறகு உங்கள் பள்ளம் எத்தனை மணி நேரத்தில் வடிகிறது? வெட்டிய இயந்திரமும் ஆட்களும் மிதித்ததில் மேல்மண் இறுகியிருக்கலாம். நடுவதற்கு முன்னால் 30 செ.மீ. குழி ஒன்று தோண்டி, நீர் ஊற்றி ஊற விட்டு, மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளந்துவிடுங்கள். ஒரு நாளுக்குள் வடிந்தால் நிம்மதி. இரண்டு நாள் தாண்டினால் மண்ணைக் கிளறிவிட வேண்டியிருக்கும். கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர வெப்பமான காலத்திலேயே ஒரு வாரம் போல ஆகும். ஒரே நாளில் வடிகிற பள்ளத்தில் அது வளர வழியில்லை. இதை வளாகத்தில் இருப்பவர்களுக்கு எண்ணோடு சொல்லுங்கள். புதர் என்ற பேச்சுக்குப் பின்னால் பாதி கொசு பயம்தான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். எங்கள் படிப்பில் வடிவம் என்றால் குறுக்குவெட்டு, சரிவு, கொள்ளளவு அவ்வளவுதான். எனக்கு மனம் மாறியது சிங்கப்பூரின் பிஷான் பூங்காவைப் பார்த்த பிறகு. அங்கே கல்லாங் ஆறு 2.7 கி.மீ. நீள நேரான கான்கிரீட் கால்வாயாக இருந்தது. ஹெர்பர்ட் டிரைசைட்ல் என்ற நிலவடிவமைப்பாளரின் குழு அதை உடைத்து வளைந்து போகிற ஆறாக ஆக்கியது. இப்போது நீளம் 3.2 கி.மீ. 2012-இல் திறந்தார்கள். மழையில்லாத நாளில் ஒல்லியான ஓடை, குழந்தைகள் கல் தாண்டி அக்கரைக்குப் போகிறார்கள். பெருமழையில் அதே ஓடை பக்கத்துப் புல்வெளியெல்லாம் பரவி ஓடும், மக்களை விலகச் சொல்ல எச்சரிக்கை ஒலி உண்டு.

இதில் பொறியாளனாக என்னைப் பிடித்துக்கொண்டது கரை. கான்கிரீட் இல்லாமல் கரையை நிற்க வைக்கச் செடி வேர், சுள்ளிக்கட்டு, கல் இவற்றையே பயன்படுத்தினார்கள். அந்த வெப்பமண்டலச் சூழலில் அது நிற்குமா என்று யாருக்கும் முன் அனுபவம் இல்லை. அதனால் 2009-இல் பூங்காவின் ஒரு பக்கத்து வடிகாலில் 60 மீட்டர் நீளத்துக்கு வேறு வேறு முறைகளைப் போட்டுப் பார்த்து, நின்றதை மட்டும் ஆற்றுக்கு எடுத்தார்கள். உடைத்த கான்கிரீட்டையும் வெளியே கொட்டவில்லை. அதிலேயே ஒரு மேடு எழுப்பினார்கள். அந்த ஆற்றின் வளைவில் எது அழகுக்கு, எது நீரின் வேகத்தைக் குறைக்க என்று என்னால் பிரிக்க முடியவில்லை. பிரிக்க முடியாதபடி இருப்பதுதான் சரியான வேலை என்று இப்போது நினைக்கிறேன்.

---

வேர்முடிச்சு:

நான் தாவரச் சூழலியல் பக்கம். ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும், கோபமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். "கலை" என்று சொல்லிக்கொண்டு வந்து என் கண் முன்னால் மூன்று இடங்களைக் கெடுத்திருக்கிறார்கள். ஓர் இடத்தில் சிற்பத்துக்கு இரவு முழுக்கக் கீழிருந்து வெளிச்சம். அந்த வெளிச்சத்தைச் சுற்றியே அந்துப்பூச்சிகள் விடியும்வரை சுழன்று செத்து விழும். பூவுக்குப் போக வேண்டிய பூச்சிகள் அவை. இன்னொரு இடத்தில் நிறம் நன்றாக இருக்கிறது என்று தேனே இல்லாத அடுக்குப் பூ ரகங்கள். மூன்றாவதைச் சொல்லவே மனசில்லை, வேர் படர வேண்டிய இடத்தில் மேடைக்கு அடித்தளம் போட்டுவிட்டார்கள். ஆகவே சிற்பியை மேசைக்குக் கூப்பிடுங்கள், ஆனால் ஒரு நிபந்தனையோடு: இந்த மண்ணில் ஒரு வருஷம் என்ன நடக்கிறது என்பதை அவர் முதலில் பார்த்திருக்க வேண்டும். பூக்கும் மாதம், காயும் மாதம், விதை விழும் மாதம்.

அதே சமயம், கலைஞர் ஒருவர் அறிவியலுக்குள் உண்மையாகவே இறங்கிய வேலையும் உண்டு. மெல் சின் என்ற அமெரிக்கச் சிற்பி 1991-இல் மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில், காட்மியம் என்ற நச்சு உலோகம் கலந்த குப்பைமேடு ஒன்றில், உலோகத்தை மண்ணிலிருந்து உறிஞ்சும் செடிகளை நட்டார். ரூஃபஸ் சேனி என்ற மண் விஞ்ஞானியோடு சேர்ந்து செய்தது. மேலிருந்து பார்த்தால் சதுர வேலிக்குள் ஒரு வட்டம், அதற்குள் குறுக்கே இரண்டு பாதைகள். செடி நட்ட வட்டம் சோதனைக்கு, வெளியே விட்ட மண் ஒப்பிடுவதற்கு, பாதை நடந்து போய் மாதிரி எடுப்பதற்கு. சோதனையின் அமைப்பே அங்கே ஓவியத்தின் கோடாகவும் இருந்தது. அறுவடை செய்த செடிகளில் ஒரு வகை காட்மியத்தை நன்றாக ஏற்றியிருந்தது தெரியவந்தது. அலங்காரம் என்று எடுத்துப்போட அதில் ஒரு துண்டுகூட இல்லை.

நாணல்கரை, உங்கள் தோட்டம் செய்கிற முக்கியமான வேலை கண்ணுக்குத் தெரியாது. அமெரிக்காவின் சியாட்டில் பக்கத்து ஓடைகளில் முட்டையிட வரும் கோஹோ சால்மன் மீன்கள் மழைக்குப் பின் செத்து மிதந்ததற்கு, டயர் தேய்மானத்திலிருந்து வரும் ஒரு வேதிப்பொருள்தான் காரணம் என்று 2020-இல் கண்டுபிடித்தார்கள். அதற்குச் சில வருஷம் முன்பே, அதே சாலை நீரை மணலும் மட்கிய உரமும் கலந்த மண் வழியாக வடித்து விட்டபோது மீன்கள் பிழைத்ததைச் சோதனையில் பார்த்திருந்தார்கள். உங்கள் 50 சதுர மீட்டரும் அந்த மாதிரி மண்தான். வண்டி நிறுத்துகிறவர்களுக்கு இது எப்படித் தெரியும்? இதைக் காட்ட ஒரு வழி கண்டுபிடித்துக் கொடுத்தால், கலைஞருக்கு நானே என் நாற்காலியைக் கொடுப்பேன்.

---

கல்தச்சன்:

சிற்பி. கல், சுதை, சில சமயம் இரும்பு. மேசையில் உட்கார்ந்திருக்கிறேன், இரண்டு முறை. ஒரு முறை கடைசியில் கூப்பிட்டார்கள், ஒரு முறை முதலிலேயே. கடைசியில் கூப்பிட்ட வேலை இன்றும் நிற்கிறது, அதைச் சுற்றி இருந்த குளம் தூர்ந்துவிட்டது. அதைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

முதலிலேயே கூப்பிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எனக்குப் பாடமாக இருப்பது அமெரிக்காவில் டாலஸ் நகரத்து ஃபேர் பார்க் குளம். பெட்ரீஷியா ஜொஹான்சன் என்ற சிற்பி 1981-இல் தொடங்கி 1986-இல் முடித்தார். சுற்றியிருந்த புல்தரைக்குப் போட்ட உரம் மழையில் அடித்துக்கொண்டு வந்து, குளம் முழுக்கப் பச்சைப் பாசி. நீர்ச்செடி இல்லை, மீன் இல்லை, அலை அடித்து அடித்துக் கரை அரித்துக்கொண்டிருந்தது. அவர் முதலில் செய்தது உரத்தை நிறுத்தச் சொன்னது. அப்புறம் கரையோரம் அந்த மண்ணுக்கே உரிய நீர்ச்செடிகள். சிற்பம் அதற்குப் பிறகுதான் வருகிறது. குளத்தில் வளரும் ஒரு நீர்ச்செடியின் பின்னிக்கிடக்கும் வேரைப் பெரிதாக்கி, செம்மண் நிறத்தில் கான்கிரீட்டால் நீருக்கு மேலும் கீழும் ஓட விட்டார். எதிர்ப்பக்கத்தில் ஒரு பெரணி இலையின் வடிவம்.

அந்த வேர்களைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். அகலமானவை நடைபாதை, மக்கள் அவற்றின் மேல் குளத்துக்குள் நடந்து போகிறார்கள். மெலிந்தவை ஆள் போக முடியாத தூரத்தில் முடிகின்றன, அங்கே பறவைகள் உட்காருகின்றன. வளைவுகளுக்கு நடுவே சின்னச் சின்னக் குட்டைகளாக நீர் ஒதுங்குகிறது, மீன் குஞ்சுக்கும் ஆமைக்கும் அது இடம். வேர் முழுவதுமாகச் சேர்ந்து அலையை உடைப்பதால் கரை அரிப்பு நிற்கிறது. சிற்பத்தை எடுத்துவிட்டால் அழகு மட்டும் குறையும் என்று அங்கே சொல்லவே முடியாது. வண்டல் சார் சொன்னதும் இதைத்தான்.

சரி, உங்கள் 50 சதுர மீட்டருக்கு வருவோம். உங்கள் தோட்டம் கவனிப்பாரற்றதாகத் தெரிந்தது என்றீர்களே, அதற்கு ஒரு பெயரே உண்டு. ஜோன் நாசாவர் என்ற நிலவடிவமைப்பு ஆய்வாளர் 1995-இல் எழுதினார்: இயற்கைக்கு நல்லது செய்கிற நிலம் பெரும்பாலும் கலைந்ததாகத்தான் தெரியும், மக்களோ ஒழுங்கைப் பார்த்துத்தான் இங்கே யாரோ கவனிக்கிறார்கள் என்று முடிவு செய்வார்கள். அதனால் கலைந்ததை அப்படியே விட்டு, அதைச் சுற்றி ஒழுங்கான சட்டம் போடுங்கள் என்பது அவர் வாதம். ஓரத்தில் ஒரு முழ அகலத்துக்கு வெட்டிவிட்ட புல், தெளிவான ஒரு கல்விளிம்பு, உட்கார ஒரு திண்டு. படத்துக்குச் சட்டம் போட்ட மாதிரி. சுவரோவியத்தை விட இது உங்கள் செடிகளைக் காப்பாற்றும் என்று உறுதியாகச் சொல்வேன், ஏனென்றால் இயந்திரத்தோடு வருகிறவருக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று அந்தக் கல் சொல்லிவிடும்.

ஆனால் விளிம்பை வரைபடத்தில் போடாதீர்கள். அடுத்த மழைக்கு ஒரு கட்டுக் குச்சியோடு பள்ளத்துக்குப் போங்கள். நீர் ஏற ஏற, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை நீர் தொட்டு நிற்கும் ஓரத்தில் குச்சி நட்டுக்கொண்டே வாருங்கள். வேறு வேறு மட்டத்துக்கு வேறு நிறத் துணி கட்டிக்கொள்ளுங்கள். மழை விட்ட பிறகு அந்தக் குச்சிகளைக் கயிற்றால் இணைத்துப் பாருங்கள். நான் எந்தக் கோட்டையும் அதைவிட நன்றாக வரைந்ததில்லை. முடிந்தால் வளாகத்தில் இருப்பவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள், முக்கியமாகச் சின்னப் பிள்ளைகளை.

---

நாணல்கரை:

பதினோரு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள். மழைக்காகக் காத்திருந்தேன்.

வண்டல் சார், சோதனைக் குழியில் நீங்கள் பயந்தது சரிதான், இயந்திரம் திரும்பிய இடத்தில் மேல்மண் இறுகியிருந்தது. முள்கரண்டியால் குத்திக் கிளறி மட்கிய உரம் சேர்த்தோம். சனிக்கிழமை மாலை 5 மணிக்கு மழை நின்றது, ஞாயிறு மதியம் 12 மணிக்குப் பள்ளம் காலி. பத்தொன்பது மணி நேரம். அதை அப்படியே எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டேன், கொசுவுக்கு எத்தனை நாள் வேண்டும் என்பதையும் சேர்த்து.

கல்தச்சன் அண்ணா, குச்சி நட்டோம். நான், வளாகத்தில் இருந்து ஒரு பெரியவர், ஏழெட்டுப் பிள்ளைகள். வெள்ளைத் துணி முதல் மட்டம், மஞ்சள் அடுத்தது, சிவப்பு கடைசி. என் வரைபடத்தில் இருந்தது நீள்வட்டம். நீர் போட்ட கோடு காது மடல் மாதிரி, ஒரு பக்கம் உள்ளே சுருண்டு, மறுபக்கம் அகன்று. ஏன் சுருண்டது என்று பார்த்தால், அந்த இடத்தில் ஒரு திட்டு மேடாக இருக்கிறது, பிள்ளைகள் விளையாட்டு மைதானத்துக்குக் குறுக்கே ஓடி ஓடி அது இறுகியும் போயிருக்கிறது. இரண்டு வருஷம் அந்த ஒற்றையடிப் பாதையை நான் பார்க்கவே இல்லை. என் கண் செடியில் இருந்தது. அந்தப் பாதையை மூடப் போவதில்லை, அதிலேயே தாண்டுகற்கள் போடுகிறோம். காலுக்கு ஒரு வழி கொடுத்தால் மற்ற மண் இறுகாது.

பெரியவர் கேட்ட கேள்வி ஒன்றையும் சொல்ல வேண்டும். அவர்தான் முன்பு வெட்டச் சொன்னவர்களில் ஒருவர். சிவப்புத் துணிக் குச்சியைப் பிடித்துக்கொண்டு நனைந்தபடி நின்றவர், "இவ்வளவும் முன்னாடி குழாயிலேயா போச்சு?" என்றார். நான் ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் நீரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப அந்தப் பக்கம் இன்னொரு குச்சி நடணும், தண்ணி தாண்டிப் போகுது பாருங்க" என்று அவரே போய் நட்டார்.

வேர்முடிச்சு, வெளிச்சம் கிடையாது, அடுக்குப் பூவும் கிடையாது. சுவரில் வரைய இருந்த ஓவியரைப் பார்த்துப் பேசினேன். அவருக்கு வருத்தம் இருக்கும் என்று நினைத்தேன், உண்மையில் குச்சிகளைப் பார்த்ததும் அவருக்கு இதில்தான் ஆர்வம் வந்தது. நீர் நுழையும் இடத்தில் மூன்று உயரத்தில் மூன்று கல் நிறுத்தலாம் என்கிறார், வெள்ளை, மஞ்சள், சிவப்பு மட்டங்களுக்குச் சரியாக. நீர் ஏற ஏற ஒவ்வொன்றாக மூழ்கும். மழை நேரத்தில் வண்டியை எடுக்க வருகிறவர் ஜன்னல் வழியாகவே பார்க்கலாம். கற்களுக்கு முன்னால் வண்டல் தங்க ஒரு ஆழமில்லாத குழி. அதன் தரை வெள்ளையாக இருக்கட்டும், சாலையிலிருந்து வரும் கருப்பு அதில் படிவதைக் கண்ணால் பார்க்கட்டும் என்பது அவர் எண்ணம். நீங்கள் கேட்ட "காட்டுகிற வழி" இதுவாக இருக்குமா?

---

வேர்முடிச்சு:

இருக்கும். வெள்ளைத் தரை என்பது எனக்குத் தோன்றியிருக்காது. ஒன்று மட்டும்: கற்களைச் சிமெண்ட் கொண்டு அடைத்து நிறுத்தாதீர்கள், இடுக்குகளை விட்டுவையுங்கள். தவளைகள் திரும்பி வந்தால் அங்கேதான் முதலில் ஒதுங்கும்.

---

வண்டல்:

குழியில் படிகிறதை மாதம் ஒருமுறை அள்ள ஆள் யார் என்று இப்போதே பெயர் போட்டுவிடுங்கள். அந்தப் பெரியவரைக் கேட்டுப் பாருங்கள். அப்புறம் மூன்றாவது கல்லின் தலை, மறுகால் வாயை விட இரண்டு விரற்கடை தாழ்வாக இருக்க வேண்டும். அது மூழ்கினால் இன்னும் சற்று நேரத்தில் மறுகால் ஓடப் போகிறது, வாயில் தழை அடைத்திருக்கிறதா என்று யாராவது எட்டிப் பார்க்க நேரம் கிடைக்கும்.